அரைச் சுற்று

உங்கள் மேஜை விசிறி நின்று நின்று ஓடுகிறது, சார். பிளக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். மோட்டாரில் ஒன்றுமில்லை. இப்படி வந்து வந்து போகும் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் இருபத்தெட்டு வருடமாக என் தொழில். பெயர் ஸ்ரீரங்கன். வீடு மயிலாப்பூர், பட்டறை ஆழ்வார்பேட்டை. படகு இன்ஜின்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன்.

கொட்டிவாக்கம் ஷரஃபுதீன் பாயும் அவர் மகன் ஃபராஸும் படகோடு செத்துப்போனதைப் பற்றி உங்கள் விசாரணை அறிக்கையில், இன்ஜின் நின்றதற்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. காரணம் தெரியும். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

தூண்டில் போட்டு மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களைப் பாய் கடலுக்குக் கூட்டிப்போவார். புது மாதிரி டீசல் இன்ஜின், எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளும். இரண்டு மாதமாக அது நடுக்கடலில் திடீரென்று நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். நான் போனால் சமர்த்தாக ஓடும். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன். அப்போதும் பாய் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். பதினைந்து வருடப் பழக்கம்.

மூன்றாவது தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஃபராஸ் லேப்டாப்பை ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் மாட்டி உட்கார்ந்திருந்தான். நான் இன்ஜினுக்குப் பின்னால் குனிந்து ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், ஒரு எரர் கோடு கூட பதிவாகல. கோடு இல்லேன்னா ஃபால்ட்டே இல்ல. நீங்க சும்மா ஒயரை ஆட்டிக்கினு கீறீங்க" என்றான்.

பாய் சிரித்தார். படகு கழுவ வந்த இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையாதான் கீது சாமி உன்னுது" என்றார்.

அவர் அதைச் சொன்னபோது என் விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் எர்த் ஒயர், இன்ஜின் உடம்பில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அலை குலுக்கினால் தொடர்பு விடும், பெட்டிக்கே கரண்ட் போய்விடும். செத்தவன் எழுந்து தன் சாவைப் பதிவு செய்வானா? கோடு எப்படி வரும்? உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பத்து நிமிட வேலை.

எனக்குக் கோபம் வந்தது. அதை நான் மறைக்கவில்லை. உப்புத்தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, ஸ்பேனரால் அந்தப் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். இருந்த பழுதைக் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும்படி செய்தேன், அவ்வளவுதான். அவர்கள் முன்னாலேயே நிற்கும், அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் படகு கட்டியிருந்த கழிமுகத்துத் தண்ணீர் அன்றைக்கு ஆடாமல் கிடந்தது. இன்ஜின் நிற்கவில்லை.

"பாத்தியா சாமி, எம் புள்ள சொன்னதுதான்" என்று பாய் என் முதுகில் தட்டினார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெற்கு மாட வீதியில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாயின் போன். அடிக்கும்போதே எதற்கென்று தெரிந்துவிட்டது. அப்பாவும் பிள்ளையும் மட்டும் ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

"சாமி, இன்ஜின் நின்னுபோச்சு. காத்து கல்லாண்ட தள்ளிக்கினு போவுது. இன்னா செய்யணும் சொல்லு."

கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய பாறைகளைச் சொன்னார். "பதறாதீங்கோ பாய். ஒண்ணொண்ணா பாக்கலாம்" என்றேன்.

முதலில் டீசல் வால்வைப் பார்க்கச் சொன்னேன். அடுத்து ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று. பிறகு பேட்டரி. வெண்டைக்காய் நுனியை ஒடித்து, முற்றலைத் தனியாகப் போட்டுக்கொண்டே சொன்னேன். ஃபியூஸ்களைக் கழற்றித் துடைக்கச் சொன்னபோது பின்னால் ஃபராஸ், "அத்தா, அங்கிளாண்ட ஒயரைக் கேளு, அந்த ஒயரைக் கேளு" என்று கத்தினான். அதற்கு நேரம் வரும் என்றேன். ஐந்தாவதாக, சாவிப் பூட்டின் இணைப்பு. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சத்தம் வேறு மாதிரி ஆனது. பிறகு லைன் இல்லை. வெண்டைக்காய் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போன வாரம் அமீனா பீ பட்டறைக்கு வந்தார்கள், பாயின் வீட்டம்மா. போன் விவரம் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். "கடைசி வரைக்கும் அவுங்களுக்கு வழி சொல்லிக்கினே இருந்தீங்களாமே அண்ணே. அல்லா ஒங்கள நல்லா வெக்கட்டும்" என்று அழுதார்கள். என் கடமைம்மா என்றேன். அந்த வீட்டில் இனி ஆண் துணையே இல்லை. எனக்கும் வருத்தம்தான்.

ஆகவே அறிக்கையைத் திருத்திவிடுங்கள். காரணம், எர்த் போல்ட். தளர்த்தியவன் நான். ஒன்பது நிமிடம் பேசினேன், சார். அந்தப் போல்ட் என் வரிசையில் ஆறாவது. அவர் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.