வேம்பு அடித்த பாதி வயல்

விழுப்புரம் பஸ் ரெட்டியார்பாளையம் நெரிசலில் நின்றது. முன் சீட்டில் இரண்டு பருத்தி விவசாயிகள். பூச்சி மருந்தில் என் ஞானம் கொசுவத்தியோடு சரி, காது மட்டும் நீண்டது.

"பாதி வயலுக்கு வேப்பங்கொட்டக் கரைசல், பாதிக்குக் கடை மருந்துன்னு அடிச்சியே மச்சான். வேம்புப் பக்கம் ஒரு புழு இல்லன்னு ஊரெல்லாம் சொன்னியே?"

"புழு சாவாம நெளிஞ்சுது. மனசு கேக்கல, அந்தப் பக்கமும் கடை மருந்தே அடிச்சுட்டேன்."

"அடப்பாவி. ஒன்ன நம்பி நான் வயல் முழுக்க வேம்பு மட்டுந்தான் அடிச்சேன்."

"புழு?"

"ஒடனே சாவல. ஆனா பருத்திக் காயத் தொடாம கெடந்துச்சு. இப்ப சுருண்டு சுருண்டு விழுவுது."

ஊரெல்லாம் வேம்பின் பெருமை பேசியவர் திகைத்துப்போய்க் கேட்டார்.

"அப்ப வேம்பு நெசமாவே வேல செய்யுதா?"