தொண்ணூறு சதவீதப் பொருத்தம்

...சந்தேகமா இருக்காம்ணே அவளுக்கு. ஒண்ணரை வருஷமா தலையைப் பிச்சுக்கிட்டு நான் செஞ்ச வேலைமேல அந்த ஈக்காரிக்குச் சந்தேகம். நீங்க பாட்டுக்கு ஏசியைக் கழட்டுங்க, நான் பேசிக்கிட்டே ஏணியைப் பிடிச்சுக்கறேன். ஈக்காரின்னா பக்கத்து மேசைக்காரி. ஈயை வச்சு ஆராய்ச்சி பண்றா, அதான். பேரு நான் வச்சதுதான்.

நான் என்ன வேலை பாக்கறேன்னா கேக்கறீங்க? உடம்புக்குள்ள புரதம் ஆயிரக்கணக்குல இருக்குண்ணே. எதுவும் தனியா வேலை செய்யாது. இது அதோட ஒட்டும், அது இன்னொண்ணோட ஒட்டும். நம்ம சொந்தக்காரங்க மாதிரி, யாருக்கு யாரோட பேச்சுவார்த்தைன்னு ஒரு வலை. ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே ஈஸ்ட்டு, அதுக்கொரு வலை. ஈக்கு ஒண்ணு, மனுஷனுக்கு ஒண்ணு. ரெண்டு வலையைப் பக்கத்துல வச்சு எங்க பொருந்துதுன்னு பாக்கறதுதான் பொழப்பு. பாத்துண்ணே, ஸ்க்ரூ விழுது.

எனக்கு ஈஸ்ட்டும் மனுஷனும் தொண்ணூறு சதவீதம் பொருந்திச்சு. அவளுக்கு ஈயும் மனுஷனும் முப்பதைத் தாண்டலை. அதோட சும்மா இருந்தாளா? எங்கிட்டயே வந்து 'அக்கா, இவ்வளவு பொருந்தக்கூடாதே'ங்கறா. வந்துச்சு பாருங்க கோவம். நேரா எங்க புரொஃபசர்கிட்ட போயிட்டேன். நாம சேந்து எழுதற கட்டுரையில இவ முப்பதையும் சேத்தா படிக்கறவன் சிரிப்பா சிரிப்பான்னேன். கட்டுரையிலிருந்து அவ பேரையே எடுத்துட்டாரு. இன்னிக்கு நாலு மணிக்கு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பறாரு.

என்னது? மனுஷன் வலையை யாரு பாத்துச் சொன்னாங்கன்னா? நல்லாத்தான் கேக்கறீங்க. இணையத்துல பட்டியல் இருக்குண்ணே, இறக்கிக்க வேண்டியதுதான். இருங்க, காட்டறேன். இதோ, கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கம். 'ஊகித்தவையும் சேர்க்க'ன்னு ஒரு கட்டம், டிக் போட்டிருக்கு பாருங்க. அதாவது, மனுஷன்ல இன்னும் சோதிச்சுப் பாக்காத எடத்துக்கு, ஈஸ்ட்டுல இப்படி இருக்கே, இங்கயும் இப்படித்தான் இருக்கும்னு அவங்களே போட்டு... வச்சிருக்கற...

இருங்க.

அப்போ நான் ஈஸ்ட்டை ஈஸ்ட்டோடயே பொருத்திப் பாத்துட்டு இருந்திருக்கேன். ஒண்ணரை வருஷமா.

அவ இந்த டிக்கை எடுத்துட்டுத்தான் செஞ்சிருக்கா, அதான் முப்பது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கா. நான் அவளை உக்காருன்னுகூடச் சொல்லலைண்ணே.

மணி என்ன? மூணே முக்காலா?

முதல்ல அவகிட்ட போகவா, புரொஃபசர்கிட்டயா? ...ஆமா, நீங்க சொல்றதுதான் சரி. அனுப்பாதீங்க, முதல்ல அவ பேரைத் திரும்பப் போடுங்கன்னு அவர்கிட்ட சொல்றேன். என் பேரை என்ன பண்றதுன்னு அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும்.