மூலை அடைக்காமல் மூடி திறக்காது

மேடையில் சாய்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கீழே நெருக்கியடித்து நிற்கும் கீவா நகரத்து மக்களே! கணித ஆசான், கோரெஸ்மின் சிங்கம், என் அக்காள் மகன் மத்யாகூப் போய்விட்டான். தாய்மாமன் நான் பேசாமல் யார் பேசுவது?

அவன் கற்பித்த இயற்கணிதத்தை உலகுக்குத் தந்த அறிஞரின் பெயரிலேயே நம் கோரெஸ்ம் நாட்டின் பெயர் இருக்கிறது. அவர் எங்கள் தெருவில்தான் பிறந்தார் என்பது என் கட்சி. அந்தத் தெருவிலிருந்து வந்தவன் அடக்கமாக இருப்பானா? இல்லை! பாதி ஊரை அவன் மதித்ததே இல்லை. மீதிப் பாதியை அவனுக்குத் தெரியாது.

வகுப்பில் சதுரக் கம்பளம் ஒன்றை விரிப்பான். ஆறு சாண் அகலத் துண்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, அடுத்தடுத்த இரு பக்கமும் ஒட்டிப் போடுவான். மூலையில் மூன்றுக்கு மூன்று சாண் ஓட்டை. "மூலைய அடைங்கடா! ஒன்பது சேத்தாத்தான் சதுரம். சேத்தத மறுபடி கழிக்கணும், இல்லன்னா அது பொய்!" என்று கத்துவான். சந்தைக் கழுதைகள்கூட நின்று கேட்கும்; நானே பார்த்தேன்.

வசந்த விழாவுக்குப் பள்ளியில் நீரூற்று வைத்தார்களே, நினைவிருக்கிறதா? குழாயிலிருந்து x மீட்டர் தள்ளித் தண்ணீரின் உயரம் −x² + 6x + 1. கணக்குப் போட்டவர் யார்? இதோ மேடையில் தேநீர் உறிஞ்சும் தலைமையாசிரியர் சுல்தான்புலாத்! அவர் கண்ட விடை −(x−3)² − 8.

மத்யாகூப் கேட்டான்: "என்னங்கய்யா, உங்க தண்ணி பூமிக்குள்ள எட்டு மீட்டர் போய் உச்சியத் தொடுதா? அங்க யாரு பாக்குறா, எலியா?"

"ஒரு குறிதானேப்பா, விடு." தலைமையாசிரியர் எட்டுக்கு முன்னால் நின்ற கழித்தல் குறியைச் சட்டைக்கையால் துடைத்தார். உச்சி எட்டாம்!

"ஒரு குறியா? அடைப்புக்கு முன்னாடி கழித்தல் நிக்குது. உள்ள ஒன்பதச் சேத்தா மொத்தத்துல ஒன்பது குறையும். அத ஈடுகட்ட வெளிய கூட்டணும்யா! மூணு மீட்டர் தள்ளி, பத்து மீட்டர் உயரம்!"

கேட்டாரா? ஒன்பது மீட்டரில் பட்டுப்பந்தல் கட்டினார். தண்ணீர் அதைக் கிழித்துக்கொண்டு போய் விருந்தினர் தலையில் இறங்கியது. அவருடைய ஆட்டுத்தோல் தொப்பி, மழையில் நனைந்த வெள்ளாடு! வெட்கப்பட்டாரா? "இந்த முறையே குழப்பம், சூத்திரத்த மனப்பாடம் பண்ணினா போதும்" என்றார். மத்யாகூப் உயிரோடு இருந்தவரை அந்தச் சதுரமாக்கும் பாடத்தைத் தொட விடவில்லை. நேற்று அடக்கம் செய்தோம். இன்று காலை, ஐயா அதைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்!

அடேயப்பா, என்ன வீரம்! அவன் மேல் மண் காய்வதற்குள்ளா? உச்சி எங்கே என்று சூத்திரம் சொல்லும். ஏன் அங்கே என்று சொல்லுமா?

மக்களே, கேளுங்கள். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டு ஓடிய நான், இனி ஒவ்வொரு பாடத்துக்கும் முன்வரிசையில் உட்காருவேன். அவன் பாடம் நிற்காது. இது தாய்மாமன் வாக்கு. இதோ அவன் கம்பளம். இரு பக்கமும் துண்டுகள் போட்டாயிற்று. மூலை திறந்து கிடக்கிறது. அதோ, அவன் இறுதி விருந்துக்கு நான் ஆக்கிய புலாவ் சோறு, அண்டாவில். கரண்டி என் கையில். சுல்தான்புலாத் இறங்கிவந்து மூலையை அடைத்து, அந்த நீரூற்றுக் கணக்கைக் கரும்பலகையில் முடிக்கும்வரை மூடி திறக்காது!

எழுந்துவிட்டார், பாருங்கள். வழி விடுங்கள், சுண்ணக்கட்டி கொடுங்கள். கூட்டலா கழித்தலா என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.