விளக்குப் பக்கத்துச் சுவர்

"இன்னைக்கு ஒரு வீட்டையே கொளுத்துனோம் மாப்ள" என்று பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒத்தக்கடையில் ஏறியவர், தீயணைப்புத் துறைக் காக்கி. பக்கத்தில் அவருடைய நண்பர், மடியில் பெயிண்ட் வாளி.

"வீட்டையா?"

"பயிற்சிடா. கட்டில், டிவி, சாமி படம், விளக்கு எல்லாம் வச்சு ஒரு ரூமை எரிச்சு அணைச்சுட்டு, எப்படிப் பத்துச்சுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாக. நாங்க அம்புட்டுப் பேரும் விளக்குன்னுதான் சொன்னோம்."

"விளக்கில்லையா?"

"டிவிக்குப் பின்னாடி ஒயரு. கரி கீழ குறுகலா ஆரம்பிச்சு மேல போகப்போக விரிஞ்சிருந்துச்சு. அந்த அடிதான் தீ பத்துன எடம், அது ஒயருகிட்ட இருக்கு. விளக்குப் பக்கம் சுவத்தோட அடி வெள்ளையாவே இருக்கு. ஒருத்தனும் பாக்கல."

நண்பர் மடியில் இருந்த வாளியைக் காலடியில் இறக்கி வைத்தார்.

"எங்க வீட்டுல தீப்பிடிச்ச ரூம்லயும் சுவிட்ச் போர்டுல இருந்துதான்டா கரி விரிஞ்சு கெடக்கு. விளக்கு இருந்த மூலையில ஒண்ணுமில்ல. எங்கம்மா என்னன்னா, விளக்க ஏத்தி வச்சுட்டுத் தூங்கிட்டான்னு எம் பொண்டாட்டியத்தான் சொல்லுது. அன்னையிலருந்து அவ தீப்பெட்டியவே தொடல."

"அப்ப இந்தப் பெயிண்ட்டு?"

"அந்தச் சுவத்துக்குத்தான். நாளைக்கு அடிக்கணும்."

"அடிக்காதடா. காலையில வாரேன். அம்மாவையும் நிக்க வச்சுப் பாப்போம்."

நண்பர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய், இன்னைக்கு விளக்க நீயே ஏத்து."

அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ தெரியவில்லை. இவர் குரல் இறங்கிவிட்டது.

"அம்மாகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன். நீ ஏத்து, தாயி."