அதே நீளத்தில் வெற்றிடம்

கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எனக்குப் பிடித்ததே அதன் ஒழுங்குதான், ஐயா. ஒரு வரியிலிருந்து சில சொற்களை எடுத்துவிட்டு வேறெதையாவது வைக்க வேண்டுமானால், புதியதும் பழையதன் நீளத்திலேயே இருக்க வேண்டும். ஓர் எழுத்து கூடினாலும் ஏற்காது. நகோயாவில் ஒரு மருத்துவமனையின் சமையலறை நிரலை முப்பத்தொரு வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

என் மேலாளர் இனகாகிக்கு அந்த மொழி தெரியாது. முத்திரை குத்தத் தெரியும். எந்த மாற்றத்துக்கும் அவருடைய சிவப்பு முத்திரை வேண்டும். ஒருநாளும் படித்துவிட்டுக் குத்தியதில்லை. போன வசந்தத்தில் அப்படிக் குத்திய ஒரு தாளால் இருநூறு நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி போகவில்லை. அது தவறென்று நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் மருத்துவமனை இயக்குநர் முன்னால், குனிந்து மன்னிப்புக் கேள் என்று என் பிடரியைப் பிடித்துத்தான் அழுத்தினார்.

"இன்னும் குனிய்யா, முனகத்தா. இந்தக் கிழடுங்கள வச்சுக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும், டைரக்டர் சார்."

இயக்குநர் சிரித்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைக்க மாட்டேன்.

அக்டோபரில் முழங்கால் அறுவைக்காக இனகாகி அதே மருத்துவமனையில் சேரவிருந்தார். இறால் அவருக்கு ஆகாது. ஒரு துண்டு போனாலும் தொண்டை அடைத்துவிடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை மதிய சூப்பில் இறால் என்பது எனக்குத் தெரியும். புதன்கிழமை, அவர் போய்ச் சேரவிருந்த நாள் காலை, தாளை நீட்டினேன்.

"என்னய்யா இது?"

"உணவுச்சீட்டுல பழைய குறிப்புகள சுத்தம் பண்றேன், தலைவரே."

"சரி, கொண்டா. எனக்கு வர்ற சூப்பாவது சூடா வருதான்னு பாக்குறேன்."

குத்தினார். அந்தத் தாளில் இருந்தது ஒரே வரி. 'இறால் கூடாது' என்று எங்கே வந்தாலும், அதே நீளத்துக்கு வெற்றிடம்.

அவர் சூப்பைத் தொடவேயில்லை. மனைவி வீட்டிலிருந்து விலாங்குமீன் சோறு கொண்டுவந்தாராம். மூன்றாம் மாடியில் கனோ என்ற சிறுமி குடித்தாள். மாலைக்குள் இறந்துவிட்டாள்.

நோயாளி எண்ணைச் சேர்த்திருந்தால் அவருடைய சீட்டு மட்டும்தானே மாறியிருக்கும் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் சேர்த்திருந்தால், யாரோ அவரைக் குறிவைத்தது உடனே தெரிந்திருக்கும். அதனால் முதலில் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இறால் ஆகாதவர்கள் ஏழு பேர். கனோவின் பெயருக்கு நேரே வயது ஒன்பது என்றிருந்தது. ஏழு பெயரையும் நிதானமாகப் படித்துவிட்டுத்தான் நிரலை ஓடவிட்டேன். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை, ஐயா.