பாதியாய்க் குறைந்த எண்

அவையை ஆளும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே, புறங்கையால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டே காய்ச்சலின் கனம் சொல்லும் தாய்மார்களே, பரிசோதனைக்கூடத்தில் என்னோடு பாடுபடும் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஊசிக்கு அஞ்சாதவள் ஒலிபெருக்கிக்கு அஞ்சுகிறேன். சிரியுங்கள், சிரியுங்கள்; சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

இன்று நான் பேச வந்தது செப்சிஸ் பற்றி. செப்சிஸ் என்றால் என்ன? கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடல், நிதானம் இழந்து தன் உறுப்புகளையே தாக்குவது. பெரியவர்கள் தம் வேதனையை வாய்விட்டுச் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தை சொல்லுமா? அதன் ரத்தம் சொல்லும். புரோகால்சிடோனின் என்றொரு பொருள். தொற்று ஏறினால் ஏறும். மருந்து வேலை செய்தால் இறங்கும். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்று மருத்துவர் தவிக்கும்போது, அந்த எண் அவருக்குக் கைகொடுக்கும்.

என் அக்கா மகளுக்கு அந்த நோய் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள்; ஒரு தளம் கீழே, பரிசோதனைக்கூடத்தில் நான். முதல் நாள் எண் நாற்பது. மறுநாள் காலை இயந்திரம் பத்தொன்பது என்றது. மகிழ்ச்சியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறிக்கை முழுவதையும் சரிபார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது விதி. நான் திறந்துவிட்டேன்; தொலைபேசியில் முதலில் மருத்துவரிடம், அடுத்து அக்காவிடம்.

"அக்கா, பாதியா குறைஞ்சிருச்சு. மருந்து கேக்குது."

"நெஜமாவாடி? உன் வாய்க்கு சர்க்கரை போடணும்" என்று அழுதாள்.

பிறகுதான் மற்ற வரிகளைப் பார்த்தேன். சர்க்கரை தொள்ளாயிரம். ரத்த அணுக்கள் நேற்றையதில் பாதிகூட இல்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். குறைந்தது நோயா? இல்லை ஐயா, கலந்தது தண்ணீர்.

"யார் தப்பு?" என்கிறார் பின்வரிசையில் ஒரு பெரியவர். நரம்பே தட்டுப்படாத பிஞ்சுக் கை, உட்காரக்கூட நேரமில்லாத செவிலியர். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் தவறைக் கேளுங்கள். தெரிந்ததும் மேலே சொன்னேனா? பத்து நிமிடம் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு இரண்டு நாளில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தையை எப்படிப் பிடுங்குவேன்?

கடைசியில் கூப்பிட்டேன். "டாக்டர், அந்தப் பத்தொன்பதை நம்பாதீங்க. வேற கையில எடுத்து அனுப்புங்க."

"அதே மருந்தைத் தொடரச் சொல்லி இப்பத்தானே எழுதினேன்" என்றார் அவர்.

மறு ரத்தம் வந்தது. ஐம்பத்திரண்டு. மருந்து மாறியது. அதன்பின் நாற்பத்து நான்கு, இருபத்தொன்று, ஆறு. ஒவ்வொன்றுக்கும் "எந்தக் கை?" என்று கேட்டுக் கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கினேன். கெட்ட எண்ணிடம் நூறு கேள்வி கேட்கிறோமே, நல்ல எண்ணிடம் ஒரு கேள்வி கேட்கிறோமா? நம் ஆசைக்கு ஏற்ற எண்ணை அல்லவா நாம் அதிகம் சந்தேகிக்க வேண்டும்?

குழந்தை பிழைத்தாள். கைதட்டாதீர்கள், பொறுங்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவள் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது என்று பிற்பாடு அவள் சிகிச்சைக் குறிப்பேட்டில் படித்தேன். இது என் அக்காவுக்குத் தெரியாது. தனியாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மூன்றாம் வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது தெரிந்துவிட்டது.

அக்கா, மன்னிச்சிடு.

இதைச் சொல்ல இடம் தந்த அவைக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் வணக்கம்.