பக்கத்துக் கப்பலுக்குக் கேக்காத குரல்

இல்ல சார், அப்படியே தூக்காதீங்க. பின்னாடி கூரையிலேர்ந்து கம்பி வருது பாருங்க, அத மொதல்ல கழட்டணும். கண்காட்சிக்கு ரேடியோவத் தர்றேன்னு சொன்னேன், தர்றேன். ஆனா அட்டையில என்னமோ எழுதிட்டு வந்திருக்கீங்களே, அத இன்னொருவாட்டி படிங்க.

ம்ம். கேப்டன் ஒராசியோவின் குரலுக்காக மனைவி தெயோலிந்தா தினமும் காத்திருந்த ரேடியோ. நல்லாத்தான் இருக்கு, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

காத்திருந்தேன்தான். காட் மீன் பிடிக்க ஏப்ரல்ல கப்பல் போச்சுன்னா அக்டோபர்லதான் வரும். நியூஃபவுண்ட்லாந்துக் கடல் எங்க, நம்ம போர்த்துகல் எங்க. ஆனா நடுப்பகல்ல நான் உருளக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருக்கையில, அவரு அடுப்படியில நின்னு பேசுற மாதிரி கேக்கும். எப்படியா? மேல ரொம்ப ஒசரத்துல, வெயில் பட்டு மின்சாரம் ஏறுன காத்து இருக்காம். குரல் அதுல பட்டு வளைஞ்சு கீழ எறங்குதாம். கப்பல்ல ரேடியோ வேலை பாத்த அமாந்தியோ சொன்னாரு. அதுல ஒரு கூத்து சார். அப்படி எறங்குற குரல் பக்கத்துல விழாது. நடுவுல இருக்கவனயெல்லாம் தாண்டிட்டுத் தூரத்துல போயி விழும்.

கேப்டன்மாருக்கு அது ஒறைக்கல. வீட்டுக்குக் கேக்கணும்னா ஒரு அலைவரிசை, தங்களுக்குள்ள ரகசியம் பேச இன்னொண்ணு. அந்த ரகசிய அலைவரிசையில அறுபது மைல்ல நிக்கிற கப்பலுக்கே இரைச்சலாத்தான் கேக்கும். இவனுக்கே கேக்கல, ஊருக்கா கேக்கப்போகுதுன்னு இருந்துட்டாங்க. நான் இந்தக் குமிழக் கொஞ்சம் திருப்புவேன், அவ்வளவுதான்.

ஒரு ஜூலையில கடும் மூடுபனி. ஆளுக்கொரு குட்டிப் படகுல தனித்தனியாப் போயித்தான் தூண்டில் போடுவாங்க. அன்னைக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு கப்பலுக்கு ஒரு படகு திரும்பல. மறுநாள் இவரு பக்கத்துக் கப்பல்கிட்ட சொல்றாரு, தேடல்லாம் போகல, இங்க மீனு அள்ளுது, ஒருத்தனுக்காக இத விட முடியாதுன்னு. அவனுக்கு வெளங்கல. என்ன, என்னன்றான். இவரு நிறுத்தி நிறுத்தி, சத்தமா, திரும்பவும் சொல்றாரு. எனக்கு மொதத் தடவையே கேட்டிருச்சு சார்.

சண்டையா? போடல. அக்டோபர்ல வந்தாரு. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலி. ரெண்டு நாள் தேடுனோம், சங்கு ஊதி ஊதி வாயே புண்ணாப் போச்சுன்னு எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் சூப்பு ஊத்துனேன். இன்னும் கொஞ்சம்னாரு, ஊத்துனேன். எங்கம்மா சாகுற வரைக்கும் அவருக்காக மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனாங்க. அவங்களுக்கு இருந்த ஆறுதலே அந்தப் பொய்தான், அத எப்படிப் புடுங்குறது? அவங்க போனப்புறமும் வாயத் தொறக்கல. அந்த மனுசனுக்கு இருபத்தாறு வருஷம் ஆக்கிப்போட்டேன். இப்ப நெனச்சா எம்மேலயே அருவருப்பா இருக்கு.

எங்கம்மா கைய எதுக்குப் பிடிக்கணுமா? ஓ, அத சொல்லலல்ல. அந்தப் படகுல போனது செஃபெரினோ. என் தம்பி. பத்தொம்பது வயசு. அவனக் கப்பல்ல சேத்துக்கோங்கன்னு அவருகிட்ட கெஞ்சுனது நான்தான்.

அந்த அட்டையில கேப்டன் பேர அடிச்சிட்டு அவன் பேரப் போடுங்க சார். முடியாதுன்னா பரவாயில்ல, ரேடியோ இங்கயே இருக்கட்டும். கம்பியத் திரும்ப மாட்டிட்டுப் போங்க.